ஆமை வண்டி

"அந்த ஸ்கூல் வேன்காரன் உள்ளே இருந்துட்டு வந்தவனாமே, உனக்குத் தெரியுமா?"

மாடி வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"எந்த உள்ளே?"

"ஜெயில்தான். வேற எந்த உள்ளே? எதுக்குப் போனான்னு யாருக்கும் தெரியல. நீ பாட்டுக்கு ஏழு வயசுப் பொண்ணை அந்த ஆள்கூட ஏத்தி அனுப்பிட்டு இருக்கே."

கீழ்வீட்டுக்காரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

வேன்காரர்மேல் அதுவரை அவளுக்கு இருந்தது ஒரே குறைதான். ஆமை மாதிரி ஓட்டுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'ஆமை மாமா'.

"கொஞ்சம் வேகமா வந்தா என்ன அண்ணே? தினமும் அஞ்சு நிமிஷம் லேட். மருந்துக் கடையில எனக்குத் திட்டு விழுது" என்று அவள் சொல்லாத நாளில்லை.

"சரிங்கம்மா" என்பார். மறுநாளும் ஆமைதான்.

அக்கா சொன்ன அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"ஒருத்தர் தண்டனை வாங்கினாரா இல்லையான்னு நாங்க எழுதித் தர மாட்டோம்மா. கோர்ட்டுல பதிவறைன்னு இருக்கும். அங்க மனு கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதிவறை ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"பேரு?"

வேனில் ஒட்டியிருந்த பர்மிட்டைப் பார்த்து அவர் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சொன்னாள்.

அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டினாள். "இந்தப் பேர்ல பதினோரு பேர் இருக்காங்க."

"பதினொண்ணா! அதுல கொலை கிலைன்னு ஏதாவது..."

"எல்லாம்தான் இருக்கும். அதுல உங்க ஆள் யாருன்னு நான் எப்படிச் சொல்றது? பிறந்த தேதியோட வாங்க. நாள், மாசம், வருஷம் மூணும் ஒத்துப் போகணும். இல்லைன்னா எவனோ பண்ணினதை இவர் தலையில கட்டின மாதிரி ஆயிடும்."

மறுநாள் வேன் வாசலில் நின்றது.

"அண்ணே, உங்க பிறந்த நாள் என்னைக்கு? பிள்ளைங்க உங்களுக்கு கேக் வெட்டணும்னு ஆசைப்படுதுங்க."

பொய். சொல்லும்போது அவள் வேனின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "எனக்கா? இதை யாரும் கேட்டதில்லம்மா."

மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாசம்தான். பதினாலாம் தேதி."

"என்ன வயசு ஆகுது?"

"ஐம்பத்திரண்டு."

வருஷத்தை அவளே கழித்துக்கொண்டாள். மதியமே பதிவறைக்கு ஓடினாள்.

அந்த அம்மாள் நிமிரவேயில்லை. பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இவள் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தேதி யாருக்கும் ஒத்துப் போகல. உங்க ஆள் பேர்ல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, அதையே ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மாடிவரை தூக்கிக்கொண்டு போனாள். "பார்த்தீங்களா அக்கா? அவர் நல்லவர்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."

"அப்போ எனக்குச் சொன்னவனைத்தான் உள்ளே போடணும்" என்றாள் அக்கா.

மகள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாலாம் தேதி நிஜமாகவே கேக் வாங்கிவிட்டாள். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் மனசு ஆறும் என்று.

வேன் வந்தது. அன்றும் ஐந்து நிமிஷம் லேட். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். இறங்கி வந்தவர் கேக்கைப் பார்க்கவில்லை.

"அம்மா, அந்தக் காகிதம் தப்பும்மா."

"எந்தக் காகிதம்?"

"கோர்ட்டுல வாங்கினது. 'மாமா நல்லவராம், கோர்ட்டே சொல்லிடுச்சாம்'னு பாப்பா வேன்ல எல்லார்கிட்டயும் ஒரே பெருமை."

அவளுக்கு முகம் எரிந்தது. "அண்ணே, நான் வந்து..."

"நீங்க விசாரிச்சது சரிதாம்மா. என் பிள்ளைன்னா நானும் விசாரிப்பேன். பிறந்த நாள்னு அன்பா கேட்டீங்களா, நான் மனசுக்குள்ள கொண்டாடுற ஒரே நாளைச் சொல்லிட்டேன். அதை வெச்சுத் தேடுவீங்கன்னு தெரியாது."

"அப்போ இன்னைக்கு என்ன நாள்?"

"என்னை வெளியே விட்ட நாள்."

வேனுக்குள் பிள்ளைகள் பிறந்த நாள் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள்.

"நான் பிறந்தது மூணாம் மாசம் ஒன்பதாம் தேதி. அதைக் கொடுத்துக் கேளுங்க, எல்லாம் வரும். அதுக்கப்புறம் பாப்பாவை அனுப்புறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதை நீங்களே சொல்லுங்க. என்ன பண்ணினீங்க?"

"அப்போ லாரி ஓட்டிட்டு இருந்தேன். அஞ்சு நிமிஷம் சீக்கிரம் போயிடலாம்னு ஒரு வளைவுல முந்தினேன். எதிர்ல சைக்கிள்ல ஒருத்தர் வந்தார்."

அவர் வேனின் டயரைப் பார்த்தார்.

"கையை விடும்மா, லேட் ஆகுது" என்று மகள் இழுத்தாள்.

அவள் வேனின் கதவைத் திறந்தாள். மகளை உட்கார வைத்தாள். கேக்கை அவள் மடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாவே போங்கண்ணே."