நான்காவது விதி

ஏரிக்கரையில் ரயில் ஓடுவது நின்று முப்பது வருடமாகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கிய தடத்தில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறோம். ரயில் போன பாதை, மேடே கிடையாது. ஆனாலும் சங்கத் தலைவர் கிளைவ் இமயமலை ஏறப்போகிறவர்போல விசில் ஊதி, விதிகளை வாசிப்பார். நான்காவது விதி: மாட்டுப் பண்ணையின் கேட்டைக் கடைசி ஆள் சாத்த வேண்டும். மாடு வெளியே போனால் பண்ணைக்காரர் பாதையையே மூடிவிடுவார்.

ஒன்பது வருடமாகக் கடைசி ஆள் என் கணவர் டெஸ். மார்ச்சில் இறந்துவிட்டார். அதன்பின் ஒரு ஞாயிறு நான் கடைசியாக வந்தேன். பாதை முடிகிற இடத்துக் கடையில் காபி வந்தபிறகுதான் உறைத்தது.

“கிளைவ், கேட்டைச் சாத்தாம வந்துட்டேன்.”

“மெரில்! இப்பதானே வாசிச்சேன்!”

“நீ வாசிக்கறத என்னிக்கு யார் கேட்டிருக்கா?” என்றாள் எங்களோடு ஓட்டும் ஜோனி.

நான் திரும்பிப் போனேன். வழியில் ஒருவரும் இல்லை. கேட் சாத்தியிருந்தது. சங்கிலி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி உள்ளே செருகியிருந்தது. ஒரு கன்று நாக்கால் கழற்றிவிடுகிறது என்று டெஸ் மட்டும்தான் அப்படிச் செருகுவார். மற்றவர்கள் சும்மா மாட்டிவிட்டு வருவோம்.

கடைக்குத் திரும்பினேன்.

“சாத்தியிருந்துச்சா?”

“சாத்தியிருந்துச்சு.”

கிளைவ் நோட்டைத் திறந்து, ‘நான்காவது விதி கடைப்பிடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறும் நானே கடைசியாக வந்தேன். கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.