அரங்கநாதன் விளைவு

"இருபதும் ஒரே அளவு. தேவிப்ரியா, இதை உலகத்துல எவனும் பார்த்ததில்லம்மா."

பேராசிரியர் அரங்கநாதன் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இருந்த அந்தத் தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

நைனார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு மகளிர் குழுவைச் சேர்ந்த இருபது பெண்களின் எச்சிலை வாங்கிச் சோதித்திருந்தார்கள். கிருமி வந்தால் முதலில் மோப்பம் பிடிக்கும் 'ஏற்பிகள்' என்ற புரதங்கள் பிறவியிலேயே நம் ஈறில் உண்டு. ஈறு வீங்கும்போது அவை எச்சிலில் எவ்வளவு கசிகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஜெர்மனி மாநாடு, அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த தேவிப்ரியாவுக்கு முனைவர் பட்டம்.

"சார், எனக்கு உறுத்துது. பத்தொன்பது வயசு அபிநயாவுக்கும் அறுபது வயசு ஜெயம்மாளுக்கும் எப்படி ஒரே அளவு வரும்? புகையிலை போடுறவங்க, போடாதவங்கன்னு வித்தியாசம்கூட இல்லையே."

"அதுதாம்மா கண்டுபிடிப்பு. ஒரே தண்ணி, ஒரே மண்ணு, ஒரே கூழு. வயசாவது, புகையிலையாவது. 'அரங்கநாதன் விளைவு'ன்னு தலைப்புப் போடு."

கொஞ்சம் யோசித்தவர், அடக்கம் கருதி, "ரொம்பப் பெரிய எழுத்துல வேணாம்" என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கொளஞ்சியம்மாள் வந்தாள். அந்தக் குழுவின் தலைவி. முந்தானையால் கன்னத்தைப் பொத்தியிருந்தாள்.

"சார், ஈறு வீங்கிக்கினு உசுரு போவுது. மூணு நாளா வெறும் கஞ்சிதான். கொஞ்சம் பாருங்க."

"இது ஆராய்ச்சிப் பிரிவும்மா. இங்க ஈறெல்லாம் பார்க்க மாட்டோம். கீழ போய் டோக்கன் போடுங்க."

"டோக்கன் முடிஞ்சிபோச்சாம். நாளைக்கு வரச் சொல்றாங்க."

"அப்ப நாளைக்கு வாங்க."

தேவிப்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை. "சார், இவங்கதான் இருபது பேர் எச்சிலையும் வாங்கி அனுப்பி வெச்சவங்க."

பேராசிரியர் முகம் சட்டென்று மலர்ந்தது. நாற்காலியைக் காட்டினார். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டுரையை ஜெர்மனிக்குத் தட்டிவிட்டு, அந்த நிம்மதியில் விசாரித்தார்.

"ஒரே நாள்ல இருபது பேரையும் எப்படிம்மா பிடிச்சீங்க? எங்களால முடியலையே."

"அதுல இன்னா சார் இருக்குது? எல்லாரும் மரவள்ளிக் கெழங்கு புடுங்கப் பூட்டாங்க. எச்சி துப்பறதுக்குப் போயி ஒருநாள் கூலிய வுட்டுட்டு வருவாங்களா? குழுக் கூட்டத்துக்கே இருபது பேரு கையெழுத்தும் நான்தான் போடுவேன்."

கொளஞ்சியம்மாள் வலியோடு வாயைத் திறந்து, உதட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினாள்.

"நீங்க டெஸ்ட்டு பண்ண இருபது ஈறும் இதாங்க சார்."