டிஸ்க்கில் மூன்று கறை

"எங்கே நின்னே?"

சிவப்புக் காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் கேட்டார். பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பந்தயத் தடத்தில் இரண்டு கார்கள் ஓட வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பை ஓட்டப் போகிறவன் ஊமைக்கோட்டான். வாயைத் திறக்கவே பத்து நிமிஷம் யோசிப்பான், அதனால் பட்டறை வைத்த பேர். இந்த ஒரு நாளுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவன்.

நேற்று சாயங்காலம் இரண்டு கார்களுக்கும் புது டிஸ்க், புது பிரேக் பேடு. புதுசு என்றால் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். அப்படியே தடத்துக்குக் கொண்டுபோனால் உயிர் போகும். முதலில் ஆளில்லாத ரோட்டில் நூறில் போய், அழுத்தி மிதித்து இருபதுக்குக் கொண்டுவர வேண்டும். உடனே மறுபடி நூறு. இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் சூடு ஆறும் வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சூட்டோடு பிரேக்கை மிதித்தபடி நின்றால் பேடு டிஸ்க்கில் ஒட்டிக் கறையாகிவிடும். கறை விழுந்தால் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் காய்ச்சல்காரன் மாதிரி உதறும்.

மாஸ்டர் மஞ்சளில் முன்னால் போனார். ஐந்து நிமிஷம் விட்டு, அதே ரோட்டில் கோட்டான் சிவப்பில் போனான்.

இன்றைக்கு மஞ்சள் அலுங்காமல் நிற்கிறது. சிவப்பு உதறுகிறது.

சும்மா சொல்லக்கூடாது, மாஸ்டர் வேலை தெரிந்தவர். சக்கர நட்டு இறுக்கமா என்று பார்த்தார். சக்கரம் மாட்டுகிற ஹப்பில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஒண்ணில்ல, மூணு கறை. மூணு இடத்துல நின்னிருக்கே. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எது வந்தாலும் நிக்காதேன்னு."

கோட்டான் கழற்றின நட்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

"வழியில ஏதாவது பொண்ணு கை காட்டுச்சாடா?" என்றார் தகடு தட்டுகிற டிங்கர்.

"ஆமா" என்றான்.

பட்டறை விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

தானும் அதே ரோட்டில்தான் போனதாகவும், தனக்கும் கால் இருக்கிறது, நிற்கத் தெரியும் என்றும், ஆனால் வேலை என்றால் வேலை என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம்.

"டிஸ்க்கைத் தேய்ச்சுக் கறையை எடுத்துடலாம். பேச்சுக் கேக்காத உன்னை எதைப் போட்டுத் தேய்க்கிறது? நாளைக்கு நீ ஓட்ட வேண்டாம். முதலாளி மச்சான் ஓட்டட்டும்."

கோட்டான் கையைத் துடைத்துக்கொண்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். போகிற போக்கில், மூலையில் நின்ற மஞ்சள் கார் மேல் உறையை இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனான்.

"வயித்தெரிச்சல். அதைக் கண்ணால பார்க்கப் பொறுக்கலை அவனுக்கு" என்றார் டிங்கர்.

நாலு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். மாஸ்டர் மட்டும் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் கறை போய்விட்டது. இரண்டாவதில் கை வைத்தபோது ஒருத்தர் வந்தார். கசங்கின சட்டை, தூங்காத கண்.

சிவப்புக் கார் ஓட்டுகிற தம்பி எங்கே என்று கேட்டார். நாலு மணிக்கு நேரில் வருவதாகக் காலையிலேயே அவனிடம் போனில் சொல்லியிருந்தாராம்.

நேற்று அவர் பெண் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, தொடையில் இரும்பு கிழித்து ரோட்டோரம் கிடந்திருக்கிறாள். தம்பிதான் நிறுத்தி, மிதித்த காலை எடுக்காமலே ஆம்புலன்சுக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றதும் இறங்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நடுவில் ரயில்வே கேட் வேறு. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்.

மாஸ்டர் மனசுக்குள் எண்ணினார். ரோட்டோரம், ரயில்வே கேட், ஆஸ்பத்திரி வாசல். மூன்று.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ரத்தமே மிஞ்சியிருக்காதுன்னாரு டாக்டர்" என்றார் வந்தவர். "தம்பிக்கு முன்னாடி ஒரு மஞ்சள் கார் வந்துச்சாம் சார். பக்கத்துல வந்து நல்லா வேகத்தைக் குறைச்சிருக்கு. நிக்கப் போகுதுன்னு இவ கையைத் தூக்கியிருக்கா. சர்ருனு போயிடுச்சாம். அதையே சொல்லிச் சொல்லி அழறா. தம்பிதான் வழியெல்லாம், 'அவர் உன்னைப் பார்த்திருக்க மாட்டார்மா'ன்னு தேத்திக்கிட்டே வந்தாராம்."

மாஸ்டர் மூலையைப் பார்த்தார். உறையின் நாலு முடிச்சும் இறுக்கமாக இருந்தன.

வந்தவர் அவருடைய கறுப்பேறிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார். அவர் நின்னதாலதான் எங்க பொண்ணு இருக்கா. நாளைக்கு அவர் வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் அவரே சிவப்பைக் கொண்டுபோய், அதே ரோட்டில் பத்துத் தடவை மிதித்து, சூடு ஆற உருட்டிக்கொண்டு வந்தார். எங்கேயும் நிற்கவில்லை.

காலையில் முதலாளி மச்சான் ஓட்டினார். பிரேக் துளிகூட உதறவில்லை. எல்லாரும் மாஸ்டருக்குக் கை கொடுத்தார்கள்.

அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.