ஐம்பத்திரண்டு கிலோ மூட்டை

"ஐம்பத்திரண்டு கிலோ தூக்கணும் மாஸ்டர். அது போதும். அதுக்கு மேல ஒரு கிலோகூட வேண்டாம்."

உடற்பயிற்சிக் கூடத்தின் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். எதிரே அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. ஐம்பது வயதிருக்கும். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"உடம்பு இளைக்கணுமாக்கா? முட்டி வலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தக் கம்பியும் வேண்டாம். ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

மாஸ்டர் மூலையில் கிடந்த மணல் மூட்டையைக் காட்டினார். தையல்காரம்மா அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதான் சரி" என்றார்.

முதல் வாரம் வெறுங்கையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி. "முதுகை வளைக்காதீங்க. தூக்க வேண்டியது தொடை. மூச்சை அடக்காதீங்க!" பிறகு பத்து கிலோ, பதினெட்டு, இருபத்தைந்து. ஒரு நாள்கூட மட்டம் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். மற்றவர்கள் தூக்கியதைத் தொப்பென்று போடுவார்கள். இவரோ மூட்டையைச் சத்தமே வராமல் பெஞ்சில் கிடத்துவார்.

"போட்டாத்தான் என்னக்கா? மணல்தானே!"

"அப்படிப் போட்டுப் பழகிடக்கூடாது மாஸ்டர்."

கடையில் துணி மூட்டை தூக்கத்தான் இவ்வளவு பாடு என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பும் ஒரு மாதம்தான் தாங்கியது.

"இனிமே ஐம்பது தூக்கினா போதும் மாஸ்டர்."

"ஏங்கா, நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"ரெண்டு கிலோ குறைஞ்சிடுச்சு."

"துணி மூட்டையா?"

தையல்காரம்மா மூட்டையை அணைக்கக் குனிந்துவிட்டார்.

அடுத்த மாதம் அது நாற்பத்தேழு ஆனது. சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "சுலபமாத்தானேக்கா ஆகுது, சந்தோஷப்படுங்க" என்று சொல்லப்போய் மாஸ்டர் வாங்கிக் கட்டிக்கொண்டார். தையல்காரம்மா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதினைந்து வருடமாகப் பயிற்சி கொடுக்கிறார். எடையை ஏற்றச்சொல்லி அடம்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறார். குறைத்தால் போதுமென்று கெஞ்சுகிறவர்களையும் பார்த்திருக்கிறார். குறைந்துவிட்டதே என்று கண்கலங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறார்.

ஒரு நாள் அந்த நாற்பத்தேழு கிலோ மூட்டை மார்போடு மேலே எழுந்துவிட்டது. கூடமே கைதட்டியது.

"ஜெயிச்சிட்டீங்கக்கா!" மாஸ்டர் துள்ளிக் குதித்தார்.

தையல்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை. மூட்டையை மெல்லக் கிடத்திவிட்டு, "இதுக்கு மேல குறையாம இருந்தா சரி" என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

அதன் பிறகும் தினமும் வந்தார், தூக்கினார், போனார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"மாஸ்டர்! நாப்பத்தொன்பது ஆக்குங்க, சீக்கிரம்!"

மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கிலோ மணலை அள்ளிப் போட்டுக் கட்டினார்.

முதல் முறை மூட்டை அசையவில்லை. இரண்டாவது முறை முட்டிவரை வந்து இறங்கிவிட்டது. மூன்றாவது முறை கை வழுக்கித் தரையில் பொத்தென்று விழுந்தது.

"விடுங்கக்கா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தேற்ற வந்தவர் அப்படியே நின்றார். தையல்காரம்மா மூட்டைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தூக்க முடியலைன்னு யாராவது இப்படிச் சிரிப்பாங்களா? எனக்குத் தலை சுத்துதுக்கா. அப்படி என்னதான் மூட்டை அது?"

"மூட்டை இல்ல மாஸ்டர், ஆறு மாசமா படுத்த படுக்கையா கிடக்கற எங்க வீட்டுக்காரரு. இன்னிக்கு ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க, ரெண்டு கிலோ ஏறிட்டாரு!"