வேலி தாண்டிய தேனீ

பக்கத்து வீட்டு மஸ்தூராவின் தோட்டத்தில் முதல் மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்த பிறகுதான், நேற்று மதியத்திலிருந்து எர்காஷின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது சற்று அடங்கியது. இன்னும் முப்பத்தொன்பது செடிகள் இருந்தன. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்தார்.

தண்ணீர்க் குழாயோடு வந்த மஸ்தூரா பதறவில்லை. "அதைப் பிடுங்கறதுக்கு முன்னாடி என்ன காரணம்னு சொல்லிடுங்கண்ணே" என்றாள்.

"காரணமா? உன் தோட்டத்துத் தேனீயைக் கேளு."

பிறகு அவர் மூச்சு வாங்காமல் கொட்டியதன் சுருக்கம் இது. கோகந்த் நகரில் மூன்று கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் நேற்று அவர் மகள் முனிஸாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்திரண்டு. மூன்று கடை சேர்ப்பதென்றால் அத்தனை வயது ஆகத்தானே செய்யும். எல்லாம் பேசி முடிந்து, இரு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து ரொட்டியைப் பிட வேண்டியதுதான் பாக்கி. பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி.

அதற்கு முன் விருந்தினர் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று, கறியும் அரிசியும் அடைத்து வேகவைத்த குடமிளகாயை வைத்தார்கள். எர்காஷ் தன் கையால் வளர்த்த காய்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு கடி கடித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட வாசலுக்கு ஓடினாள். நம்பாமல் கடித்துப் பார்த்த எர்காஷுக்கும் உச்சந்தலை வரை ஏறியது.

முதல் நாளே வாயைச் சுடும் வீடு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் வண்டி ஏறினார்கள். விரிப்பின் மேல் ரொட்டி பிடாமல் முழுசாகக் கிடந்தது.

குடமிளகாய்க்குக் காரம் எங்கிருந்து வந்தது? எர்காஷுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் செடிகள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்பவை. காற்றும் பூச்சியும் எட்டிப் பார்க்காத இடம் என்பதால், தினமும் காலையில் அவரே வரிசை வரிசையாகப் போய், செடி கட்டிய கயிறுகளைக் குச்சியால் தட்டிப் பூக்களில் மகரந்தம் உதிர வைப்பார். ஜூன் மாத வெக்கை தாங்காமல் கூடாரத்தின் பக்கவாட்டுத் திரையைச் சுருட்டிவிட்டார். அவ்வளவுதான். இங்கே காரமிளகாய்ப் பூவில் புரண்ட தேனீக்கள் வேலி தாண்டி அவருடைய பூக்களைக் கெடுத்துவிட்டன.

"நீ பண்றது விவசாயமா? செடியை வெயில்ல நட்டுட்டு, பூச்சி பார்த்துக்கும்னு குறட்டை விடறே. நான் ஒவ்வொரு பூவையும் தட்டிக் காய் எடுக்கறவன்."

"பார்த்திருக்கேண்ணே. நீங்க குச்சியோட போறதைப் பார்த்தா, செடியெல்லாம் என்ன தப்புப் பண்ணுச்சோன்னு தோணும்."

காலையில் முனிஸாவும் இப்படித்தான் குறுக்கே பேசினாள். அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொல்லி விரல்களைத் தயிர்க் கிண்ணத்தில் முக்கி வைத்தபடி, அவங்க செடி பாவம், விட்டுடுங்கப்பா என்று கெஞ்சினாள். வாசல் வரை வந்த சம்பந்தம் திரும்பிப் போன வீட்டில், பக்கத்து வீட்டுச் செடிக்கு இரக்கப்படுகிற மண்டு.

மஸ்தூரா குழாயைக் கீழே போட்டாள். விதைப் பண்ணையில் இருபது வருஷம் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தாள்.

"அங்க என்ன பண்ணினே? பெருக்கினியா, துடைச்சியா?"

"ரெண்டும்தான். காதைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பண்ணினேன். எந்தத் தேனீ எதைக் கொண்டு வந்து போட்டாலும் அது விதைக்குள்ளதான் போய்ச் சேரும். காய் எப்பவும் தாய்ச்செடி மாதிரிதான் இருக்கும். அந்த விதையை அடுத்த வருஷம் போட்டாத்தான் காரம் தெரியும்."

துடைப்பம் பிடித்தவளிடம் பாடம் கேட்கிற நிலைமையா தனக்கு என்று எர்காஷ் சிரித்தார். வேலியைத் தாண்டித் தன் கூடாரத்துக்குப் போய், இருப்பதிலேயே பெரிய காயாகப் பறித்துக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தின்னு காட்டு."

மஸ்தூரா அதைத் தலைத்துணியின் நுனியில் துடைத்து, ஆப்பிளைக் கடிப்பது போலக் கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தாள். எர்காஷ் நுனியை மட்டும் கடித்தார். பிறகு முழுசாகக் கடித்தார். தேனாக இனித்தது.

ஓடிப்போய் இன்னொன்று பறித்தார், அதுவும் இனிப்பு. சுருட்டிய திரைக்குப் பக்கத்தில், வேலியை ஒட்டி நின்ற செடியில் மூன்றாவது. அது முந்தைய இரண்டையும் மிஞ்சியது. தாடியில் சாறு வழியத் திரும்பி வந்தார்.

"அப்போ நேத்து மட்டும் எப்படிக் காரம் வந்துது?"

மஸ்தூரா குனிந்து, அவர் பிடுங்கி எறிந்த செடியை மறுபடியும் குழியில் வைத்து மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள்.

பதில் வேலிப் பக்கமிருந்து வந்தது. விரல் நுனிகளில் தயிர் காயாமல் அங்கே முனிஸா நின்றிருந்தாள்.

"மிளகாயை அரிஞ்சு கறியில கலந்தது தேனீ இல்லப்பா, நான்."