சாதாத் தட்டு

தங்கச்சி எறிந்த நீலத் தட்டு ஒன்பதாவது கூடையைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்க் குளத்தில் விழுந்தது.

"கூடை இந்தப் பக்கம் இருக்குடி" என்றான் அண்ணன்.

சனிக்கிழமை காலை. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவனுக்கு அன்று விடுமுறை. டயர் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கடை.

மரங்களுக்கு நடுவே தட்டை எறிந்து எறிந்து கொண்டுபோய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். ஒன்பது கூடைகள். விளையாட்டு அவ்வளவுதான். அவனுக்கு அதில் பைத்தியம். அவள் போவது கிண்டல் செய்வதற்காக.

மற்றவர்களெல்லாம் பளபளவென்று விலை கூடிய தட்டுகள் வைத்திருந்தார்கள். அண்ணன் வாங்குவது இருப்பதிலேயே மலிவான சாதா பிளாஸ்டிக்.

"கஞ்சன்" என்பாள்.

"கஞ்சமில்லடி. இது கையில நல்லா ஒட்டும். சங்கிலியில பட்டா துள்ளி வெளிய வராது. அந்தப் பளபளப்பு இருக்கே, பத்து வருஷமானாலும் பழகாது. இது நாலு மரத்துல அடி வாங்கினா போதும், சொன்ன பேச்சக் கேக்கும்."

"அப்ப உன்னையும் நாலு மரத்துல மோதவிடணும்."

அந்த நீலத் தட்டு ஏழு வருடம் அடி வாங்கியது. அவன் கைக்கென்றே வளைந்து பறக்கும்.

கரைக்கு ஓடிய அவளைப் பார்த்து அண்ணன் சிரித்தான். "விடு, சாதாத் தட்டுதானே."

ஏழு வருடத்தை ஒருவன் இவ்வளவு சுலபமாக விடுவானா? அவள் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே குளக்கரையில் அண்ணன் விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இதயத்தில் அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவளால் ஆட்ட முடியவில்லை. வேலை நாளில், தனியாக, அந்தக் குளத்துக்கு எதற்குப் போனான்? தட்டைத் தேடத்தான். குனிந்து, சில்லென்ற தண்ணீரில் கையை விட்டுத் துழாவி, மூச்சு வாங்கி...

அவள் எறிந்தது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இப்போது அவளுக்கு மட்டும்.

அண்ணி கூப்பிடும்போதெல்லாம் கடையில் வேலை என்றாள். ஏழு வாரமாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கடையில் அந்தப் போன் மணி அடித்தது.

"தட்டு ஒண்ணு இருக்கும்மா. இந்த நம்பர் எழுதியிருக்கு."

தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று எல்லாரும் தட்டின் அடியில் போன் நம்பர் எழுதுவார்கள். பேருந்து ஓட்டும்போது போன் எடுக்க முடியாது என்பதால் அண்ணன் எழுதுவது டயர் கடை நம்பர்.

நீலத் தட்டைக் குளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

பூங்காவில் புல் வெட்டுகிறவர் ஒரு பையோடு வந்தார். "ஷெட்டுல வச்சுட்டு மறந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று நீட்டினார்.

உள்ளே இருந்தது ஆரஞ்சு நிறத் தட்டு. நிறம்கூட மங்காத புதுசு. சாதா பிளாஸ்டிக்.

"இது குளத்துல கிடந்ததா?"

"குளத்துலயா? ஒன்பதாவது கூடையில இருந்துச்சும்மா. அண்ணன ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டுத் திரும்பிப் பாக்கறேன், உள்ள கிடக்குது."

அவர் போன பிறகு அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

டயரைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, ஓட்டுகிறவர் பிரேக்கை எப்படி மிதிக்கிறார் என்று சொல்கிறவள் அவள். இத்தனைக்கும் டயர் பேசாமடந்தை. சாதா பிளாஸ்டிக் அப்படியில்லை. பட்டதையெல்லாம் சொல்லிவிடும்.

விளிம்பில் பிசின். இரண்டாவது கூடைக்கு முன்னால் நிற்கும் பைன் மரம். அவன் எப்போதும் அதில்தான் மோதுவான்.

ஒரு கீற்று பச்சைப் பெயிண்ட். நான்காவது கூடையின் பெஞ்சு.

மேல்புறத்தில் பொடிக் கற்கள் உரசிய சிராய்ப்பு. ஏழாவதில் நடைபாதை.

விளிம்பு முழுக்கச் சங்கிலி பட்ட சின்னச் சின்னப் பற்குறிகள். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

விலை கூடிய தட்டாக இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்காது.

அவன் தேட வரவில்லை. புதுத் தட்டு வாங்கிக்கொண்டு ஆட வந்திருக்கிறான். முதல் கூடையிலிருந்து வரிசையாக, மரத்தில் மோதி, பெஞ்சில் இடித்து, அதைப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறான். ஒன்பதாவதிலும் போட்டுவிட்டான். கூடையில் விழுந்த தட்டை எடுக்காமல் யாரும் வேறு எங்கும் நகர மாட்டார்கள். கூடைக்கும் குளக்கரைக்கும் நடுவே நாலு எட்டு.

தட்டை எடுக்க வந்த அந்த நாலு எட்டில்தான் விழுந்திருக்கிறான்.

அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் அப்படியே உட்கார்ந்தாள். ஏழு வாரமாகப் பாதியிலேயே நின்றிருந்த மூச்சு முழுசாக வெளியே வந்தது.

பிறகுதான் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். நம்பருக்குக் கீழே, அவன் குண்டு கையெழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது.

'எறிந்தது தங்கச்சி என்றால் குளத்தில் பார்க்கவும்.'

கடை என்று பாராமல் சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணி, சாயங்காலம் வீட்டுக்கு வரேன். ஒண்ணு காட்டணும்."

நீலத் தட்டு இன்னமும் குளத்தில்தான் கிடக்கிறது. அதைத் தேடி யாரும் போனதில்லை.