உப்புப் போட்ட காப்பி

மெல்பர்ன் வீட்டுக் கூடத்தில் பெண் கேட்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். அடுக்களையில் நெர்மின், மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் துருக்கி வழக்கப்படி, ரெஃபிக்கின் காப்பியில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டாள்.

“முகம் சுளிச்சா எழுந்து போகச் சொல்லிடுவேன்” என்று மிரட்டினாள் பக்கத்தில் நின்ற துலாய்.

“சுளிக்க மாட்டாரு, பாரேன்.”

“ரொம்பத்தான் நம்பிக்கை!”

ரெஃபிக் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இன்னொண்ணு கிடைக்குமா?” என்றார். கூடமே சிரித்தது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த துலாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையாட்டாமல் நிச்சயதார்த்தம் நடக்காது. நெர்மின் காப்பித் தட்டோடு நின்று அவளையே பார்த்தாள்.

துலாய் எழுந்து ரெஃபிக்கின் எதிரில் நின்றாள்.

“சரி, குடுத்தோம். ஆனா எங்கம்மாவை என்னிக்காவது அழ வெச்சீங்க, சும்மா விடமாட்டேன். கையை நீட்டுங்க, மோதிரம் போடணும்!”